பாட்டு கேட்டால் வலிப்பு வருகிறதா? எதை முதலில் செய்வது, எதைப் பிறகு

என் தங்கைக்குப் பாட்டு கேட்கும்போது வலிப்பு வருகிறதோ என்று சந்தேகம் வந்தபோது, வீட்டில் எல்லாரும் சேர்ந்து எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். முதல் வாரமே பாட்டை நிறுத்தினோம். அப்புறம், நிஜமாகவே பாட்டுதானா என்று பார்க்க நாங்களே போட்டுப் பார்த்தோம். அதற்கும் பிறகு மருத்துவரிடம் போய், "பாட்டு கேட்டா ஃபிட்ஸ் வருது டாக்டர்" என்று ஒரே வரியைச் சொன்னோம். அவர் அடுத்துக் கேட்ட எந்தக் கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. குறிப்பு எழுத ஆரம்பித்ததுதான் கடைசி.

பிறகு இதே சந்தேகத்தோடு வந்த சிலருக்குக் கூட இருந்து உதவியிருக்கிறேன். அவர்களும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். அதனால் இந்த வரிசை. நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு டோஸ் என்பதெல்லாம் இங்கே கிடையாது. மருத்துவரிடம் போவதற்கு முன்னும் பின்னும் நம் கையில் இருக்கிற வேலை மட்டும்தான்.

இதற்கு மருத்துவத்தில் மியூசிகோஜெனிக் எபிலெப்ஸி என்று பெயர். ஏதோ ஒரு குறிப்பிட்ட தூண்டலால் வலிப்பு வரும் வகைகளில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் காதுக்கு மேலே, நெற்றியின் பக்கவாட்டுக்கு உள்ளே இருக்கும் டெம்போரல் லோப் என்ற மூளைப் பகுதியில், அதிலும் வலது பக்கத்தில், தொடங்குகிறது. ஒரு கோடிப் பேரில் ஒருவருக்கு என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. பாட்டோடு முடிச்சுப் போடாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு என்பதால் உண்மையான எண்ணிக்கை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. இடம் காலியாக உள்ள ஃபோன். இதுவரை எழுதித் தந்த மருந்துச் சீட்டுகள், பழைய பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரே உறையில். இவற்றைவிட முக்கியம், கூட இருந்து பார்க்கிற ஒரு ஆள்.

ஆள் ஏன் என்றால், இந்த வகை வலிப்பில் நினைவு மங்கிவிடும். வந்தவருக்குத் தனக்கு என்ன நடந்தது என்று பாதிதான் தெரியும், சில நேரம் வந்ததே தெரியாது. என் தங்கை "சும்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டிருந்தேன்" என்பாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் வாயை மென்றுகொண்டு துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு இருந்திருப்பாள்.

ஏற்கெனவே வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஒன்றை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். "காரணம் பாட்டுதானே, பாட்டை விட்டால் போதும்" என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

2. வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லாரும் பழகுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கண் நிலைகுத்தி, பதில் சொல்லாமல், கை எதையோ தடவிக்கொண்டிருக்கிற நிலையில் இருந்தால் பாட்டை நிறுத்துங்கள். இழுத்துப் பிடிக்காமல் அடுப்பு, படிக்கட்டு, சாலைப் பக்கம் போகாதபடி மெல்லத் திருப்பிவிடுங்கள். இறுக்கிப் பிடித்தால் அவர் குழப்பத்தில் முரண்டு பிடிப்பார், இரண்டு பேருக்கும் அடிபடும்.

கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பாக மாறினால் கடிகாரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள கூரான பொருட்களை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், கழுத்தைச் சுற்றி இறுக்கமாக எது இருந்தாலும் தளர்த்துங்கள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடியும், மூச்சுக்குழாயில் போகாது. வாயில் எதையும் திணிக்காதீர்கள், விரலையோ கரண்டியையோ தண்ணீரையோகூட. பல் உடையும், இல்லையென்றால் புரையேறும்.

5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ, அடிபட்டாலோ, தண்ணீரில் இருக்கும்போது வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, அல்லது வாழ்க்கையில் இதுதான் முதல் வலிப்பு என்றாலோ உடனே ஆம்புலன்ஸ்.

3. பாட்டுதானா, பாட்டோடு வந்த வேறொன்றா?

அதிகமாகத் தப்பு நடக்கிற இடம் இது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, வலிப்பு வந்தது, ஆகவே பாட்டால் வந்தது என்று முடித்துவிடுகிறோம். பாட்டு எங்கேதான் ஓடவில்லை?

பாட்டு இருக்கும் இடத்தில் மின்னி மின்னி எரியும் விளக்கும் இருக்கும். விளக்கு மின்னுவதால் வரும் வலிப்பு, பாட்டால் வருவதைவிடப் பல மடங்கு சாதாரணம். அதே இடத்தில் தூக்கம் கெட்டிருக்கும், மது இருக்கும், இரவு மாத்திரை மறந்துபோயிருக்கும். இந்த மூன்றில் எதுவும் தனியாகவே வலிப்பைக் கொண்டுவரும். ஆகவே விடிய விடிய விழித்த இரவில் நடந்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பகலில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், சாதாரண வெளிச்சத்தில் உட்கார்ந்து கேட்டபோதும் வந்ததா என்று பாருங்கள்.

அடுத்தது நேரம். கதவு அறைந்த சத்தம் கேட்ட அந்த நொடியிலேயே வந்தால் அது திடுக்கிடலால் வரும் வலிப்பு, வேறு வகை. இசையால் வருவது பெரும்பாலும் உடனே வராது. பாட்டு தொடங்கிச் சில நிமிடம் கழித்து, மனசு அதில் இறங்கிய பிறகு வரும். இந்த இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது: வலிப்பு வந்தபோது ஓடிய பாட்டை நாம் குறித்துக்கொள்கிறோம், தூண்டியது அதற்கு முந்தைய பாட்டாக இருக்கும். பாட்டு முடிந்து அமைதியான பிறகு வந்தால் சந்தேகமே வராது.

தூண்டல் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஒரே ஒரு பாட்டு, சிலருக்கு ஒரு குரல், ஒரு வாத்தியம், ஒரு வகை இசை. சத்தம் கூடுதலா குறைவா என்பது பலருக்குப் பொருட்டே இல்லை. அந்தப் பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாலே வந்தவர்கள், கனவில் கேட்டு வந்தவர்கள்கூட மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். அதனால் "இன்னொரு பாட்டு கேட்டேன், ஒன்றும் ஆகவில்லை, எனவே இசை காரணமில்லை" என்பதும் தப்பு.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. எங்கும் பாட்டு ஓடாதபோதே காதில் பாட்டு கேட்டு, பிறகு நினைவு மங்கினால் அந்தப் பாட்டே வலிப்பின் தொடக்கமாக இருக்கலாம். பக்கத்தில் இருந்தவரிடம் "நிஜமா பாட்டு ஓடிச்சா?" என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

நல்ல பாட்டு கேட்டு மயிர்க்கூச்செறிவதும் கண் கலங்குவதும் வலிப்பு அல்ல. இதைச் சொல்லக் காரணம், பயந்துபோனவர்கள் அதையும் நோட்டில் எழுதிவிடுகிறார்கள். வலிப்பு என்றால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும்: வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல, காரணமில்லாத பயம், இதெல்லாம் முன்பே நடந்தது என்ற உணர்வு, நெஞ்சு படபடப்பு, அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியும், தெளிந்த பிறகு சில நிமிடக் குழப்பமும்தான் முக்கிய அடையாளம். பதற்றத் தாக்குதலும் மயக்கமும்கூட இதுபோலத் தோன்றும். எது எது என்று பிரிப்பது மருத்துவர் வேலை, நாம் பார்த்ததை அப்படியே சொன்னால் போதும்.

4. குறிப்பு எழுதுங்கள், ஒன்றும் நடக்காத நாளையும் சேர்த்து

ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியது: தேதி, மணி, பாட்டின் பெயர், அது எந்தப் பதிவு, ஹெட்ஃபோனா ஸ்பீக்கரா நேரடியாகப் பாடியதா, கேட்க ஆரம்பித்து எத்தனை நிமிடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், மனநிலை, முந்தைய இரவுத் தூக்கம், மாத்திரை போட்டாரா, காய்ச்சல் உண்டா, மது குடித்தாரா, பெண்கள் என்றால் மாதவிடாயின் எந்த நாள். பிறகு வலிப்பு எப்படித் தொடங்கியது, எத்தனை நிமிடம், தெளிய எவ்வளவு நேரம்.

பாட்டு விஷயத்தில் கடைசியாக ஓடியதை மட்டும் எழுதாமல் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் ஓடிய எல்லாவற்றையும் எழுதுங்கள். ஃபோனில் கேட்டதென்றால் கேட்ட வரலாறு அதிலேயே இருக்கும், ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வேலை முடிந்தது. ஞாபகத்தை நம்பாதீர்கள்.

"எந்தப் பதிவு" என்று கேட்பது வீண் நுணுக்கமாகத் தெரியும். ஆனால் ஒரே பாட்டின் ஒரு பதிவு தூண்டும், இன்னொருவர் பாடியது தூண்டாது என்று இருக்கலாம். பின்னால் பரிசோதனைக்கு எடுத்துப் போக வேண்டியது தூண்டுகிற பதிவு.

அப்புறம், எல்லாரும் விட்டுவிடும் விஷயம். பாட்டு கேட்டும் ஒன்றும் நடக்காத நாட்களையும், பாட்டே இல்லாமல் வலிப்பு வந்த நாட்களையும் எழுதுங்கள். ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் பாட்டு கேட்கிறார், மாதத்தில் மூன்று முறை வலிப்பு வருகிறது, மூன்றும் பாட்டு நேரத்தில் என்றால் தொடர்பு இருப்பதாகத் தோன்றும். அவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் பாட்டு கேட்பவர் என்றால் அந்த மூன்றுக்கும் அர்த்தமே வேறு. வெற்றி பெற்ற நாளை மட்டும் எழுதும் சூதாடியின் கணக்குப் போல ஆகிவிடக் கூடாது.

பாட்டில்லாமல் வந்ததை எழுதுவதில் ஒரு தயக்கம் இருக்கும், "அப்ப நம்ம சந்தேகம் தப்பாயிடுமே" என்று. ஆகாது. இந்த வலிப்பு உள்ளவர்களில் பலருக்குத் தூண்டல் இல்லாமலும் வருவதுண்டு. சிகிச்சையை முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தத் தகவல் கட்டாயம் வேண்டும்.

5. வீடியோ எடுங்கள்

ஒருவர் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் எடுக்கட்டும். தனியாக இருந்தால் பாதுகாப்புதான் முதலில், ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு ஆளைக் கவனியுங்கள்.

முகமும் இரண்டு கையும் தெரிய வேண்டும். எந்தப் பக்கக் கை விறைத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்பதிலிருந்து மூளையில் எங்கே தொடங்கியது என்று ஊகிப்பார்கள். பெயரைக் கேளுங்கள், "கையைத் தூக்கு" என்று சொல்லுங்கள், ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெளிந்த பிறகு அந்தச் சொல் என்னவென்று கேளுங்கள். நினைவு எவ்வளவு போயிருந்தது என்று அதில் தெரிந்துவிடும்.

வலிப்பு நின்றவுடன் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். தெளியும் அந்த சில நிமிடங்களில் பேச்சு குழறுகிறதா, எந்தக் கை பலவீனமாக இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

6. வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள்

நாங்கள் செய்தோம் என்று சொன்னேன். அன்று அவள் நாற்காலியிலிருந்து சரிந்து நெற்றியில் நான்கு தையல். அதிலிருந்து மருத்துவருக்குக் கிடைத்த புதுத் தகவல் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் மூளையின் மின்னோட்டத்தை யாரும் பதிவு செய்யவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் பழக்கப்படுத்தினால் போய்விடும் என்ற யோசனையும் வரும். சில தனி நபர்களிடம் மருத்துவர்கள் அப்படி முயன்றதுண்டு. அது அவர்கள் கண்காணிப்பில் நடப்பது, நாம் கையில் எடுப்பதல்ல.

7. நரம்பியல் மருத்துவரிடம் ஒரே பக்கத்தோடு போங்கள்

முழு நோட்டையும் நீட்டினால் யாருக்கும் படிக்க நேரமில்லை. ஒரு பக்கத்தில் சுருக்குங்கள்: முதல் வலிப்பு எப்போது, இதுவரை எத்தனை, அதில் பாட்டு ஓடியபோது எத்தனை, ஓடாதபோது எத்தனை, கேட்டு எத்தனை நிமிடத்தில் வருகிறது, எப்படித் தொடங்குகிறது, இப்போது சாப்பிடும் மருந்துகள். நோட்டும் வீடியோவும் கேட்டால் காட்டக் கையில் இருக்கட்டும்.

சிறு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா, தலையில் அடி, மூளைக் காய்ச்சல், குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு, உங்களுக்கு தைராய்டு அல்லது டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிறதா, இவற்றையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன சர்க்கரை நோய் ஏன் என்று 9இல் வரும்.

இது அரிதான வகை. நீங்கள் பார்க்கும் மருத்துவர் இப்படி ஒருவரை முன்பு பார்த்திருக்க மாட்டார், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. நம்ப மறுத்தால் வாதாடாமல், வலிப்பு நோய்க்கென்று தனிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கூட இருந்து பார்த்த அந்த ஆளையும் அழைத்துப் போங்கள், உள்ளே வரை.

8. இ.இ.ஜி.க்குப் பாட்டையும் எடுத்துப் போங்கள்

இ.இ.ஜி. என்பது தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் பரிசோதனை. வழக்கமானது 20, 30 நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் விளக்கை மின்ன வைப்பார்கள், வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். பாட்டு போட மாட்டார்கள், நாம் கேட்டால் ஒழிய. ஆகவே நேரம் குறிக்கும்போதே மருத்துவர் வழியாகச் சொல்லி வையுங்கள். அன்று காலையில் போய்ச் சொன்னால் அவர்களிடம் அதற்கான ஏற்பாடோ நேரமோ இருக்காது. வலிப்பு வந்தால் கவனிக்க ஆளும் மருந்தும் தயாராக இருக்க வேண்டும் என்பதும் இன்னொரு காரணம்.

பாட்டை முன்கூட்டியே ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நெட் கிடைக்காமல் வெறும் கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். தூண்டும் பாட்டு ஒன்று, எதுவும் செய்யாத பாட்டு ஒன்று, இரண்டும் வேண்டும். இரண்டாவது எதற்கு என்றால், இ.இ.ஜி.யில் தெரியும் மாற்றம் அந்தப் பாட்டால்தானா, எந்தச் சத்தத்துக்கும் அப்படித்தானா என்று ஒப்பிட அதுதான் துணை.

தொடர்ந்து எத்தனை நிமிடம் கேட்க வேண்டும் என்பதை உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். வழக்கமாக எட்டாவது நிமிடத்தில் வருகிறவருக்கு மூன்று நிமிடம் போட்டுவிட்டு "ஒன்றும் இல்லை" என்று முடித்தால் அந்தப் பரிசோதனையே வீண். வீட்டில் கண் மூடிப் படுத்துக் கேட்பவர் என்றால் அங்கும் அப்படியே கேட்க அனுமதி கேளுங்கள். தலையில் வயர்களோடு ஒரு அந்நிய அறையில் மனசு பாட்டில் இறங்குவது கஷ்டம்.

முந்தைய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய், ஜெல் எதுவும் வைக்காமல் போங்கள், இல்லையென்றால் மின்முனைகள் ஒட்டாது. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னால் குறையுங்கள், சொல்லாவிட்டால் நீங்களாகச் செய்யாதீர்கள். மாத்திரையும் அப்படித்தான்.

முதல் இ.இ.ஜி. இயல்பாக வந்தால் மனசு விட்டுவிடாதீர்கள். இரண்டு வலிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் இயல்பாகத் தெரிவது சகஜம். அதன் பிறகு சில நாட்கள் மருத்துவமனையில் தங்கி, கேமராவும் இ.இ.ஜி.யும் சேர்ந்து ஓடும் வீடியோ இ.இ.ஜி. சொல்வார்கள். அங்கே மாத்திரையை அவர்களே குறைத்து, பாட்டையும் போட்டு, வலிப்பு வரும் அந்தக் கணத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். வலிப்பை வரவழைக்கலாம் என்ற ஒரே இடம் அதுதான்.

9. எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சீட்டில் "வலிப்பு நோய்க்காக" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அப்படி எழுதினால் டெம்போரல் லோப்பை மெல்லிய அடுக்குகளாக எடுப்பார்கள். சாதாரண ஸ்கேனில் சின்ன தழும்பு தப்பிவிடும்.

ரத்தத்தில் ஜி.ஏ.டி.65 என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். உடலின் எதிர்ப்பு சக்தி தன் திசுவையே தாக்குவதன் அடையாளம் அது, இசையால் வலிப்பு வரும் சிலரிடம் அண்மைக் காலமாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. டைப் 1 சர்க்கரை நோயிலும் குறைந்த அளவில் தென்படும் என்பதால் இருக்கிறதா இல்லையா என்பதோடு எவ்வளவு என்பதும் முக்கியம். அளவு மிக அதிகம் என்றால் சிகிச்சையின் பாதையே மாறலாம், வலிப்பு மாத்திரையோடு எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் மருந்தும் பேச்சில் வரும்.

10. மருந்து தொடங்கும்போது

மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன், லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் போன்றவைதான் இதற்கும். பாட்டுக்கென்று தனி மாத்திரை கிடையாது. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், முதல் வாரமே பலன் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

தோலில் தடிப்பு வந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள், கார்பமசெபைனிலும் லாமோட்ரிஜினிலும் அது ஆபத்தாகப் போகலாம். லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலும் கோபமும் தரும். வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவரும் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவரும் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கார்பமசெபைன் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து சிசுவைப் பாதிக்கும்.

பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் தெரிந்துகொள்ள ஒன்று: கார்பமசெபைன் சாப்பிடும் சிலருக்குச் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் தாழ்ந்து கேட்கிறது. காது கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். நிறுத்துவதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நோட்டு எழுதுவதை இந்தக் கட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். டோஸ் மாறிய தேதியைக் குறித்து, தொடருங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு வேறு அளவுகோல் நம்மிடம் இல்லை.

11. பாட்டைத் தவிர்ப்பது எந்த அளவுக்கு?

தூண்டுவது எது என்று நோட்டு சொன்ன பிறகு அதை மட்டும் தவிருங்கள். எல்லா இசையையும் வீட்டிலிருந்து விரட்டினால் நோயாளி முடங்கிப்போவார், அதனால் கூடுதல் பாதுகாப்பும் இல்லை.

நம் கையில் இல்லாத இடங்கள்தான் தலைவலி. ஃபோனில் காத்திருக்கச் சொல்லிப் போடும் பாட்டு, கடை, பேருந்து, பக்கத்து வீடு. காதடைப்பான் உதவும், ஆனால் சத்தம் குறைந்தாலும் பாட்டு அடையாளம் தெரிந்தால் சிலருக்குப் போதும். எனவே காதை அடைத்துக்கொண்டு அங்கேயே நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். தொடக்க அறிகுறி வந்தவுடன் விலகிப் போய், எண்களைப் பின்னோக்கி எண்ணுவது போல மனசை வலுவாக வேறொன்றில் திருப்பினால் சிலருக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. நடந்தால் லாபம், அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

வண்டி ஓட்டுவதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. "வண்டியில் பாட்டு போட மாட்டேன்" என்பது விதிவிலக்கு ஆகாது, பாட்டில்லாமலும் வரலாம் என்பதால். தனியாக நீச்சல் வேண்டாம், குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம்.

12. இரண்டு மருந்து பலிக்காவிட்டால்

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால் மூன்றாவது, நான்காவது என்று ஆண்டுக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலைக்கு வருகிறார். அறுவை சிகிச்சைக்குப் பொருத்தமா என்று மதிப்பிடக் கேளுங்கள். மதிப்பிடுவது என்றால் அறுவைக்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது. தொடங்கும் இடம் ஒன்றே ஒன்றுதானா, அதை எடுத்தால் பேச்சுக்கும் நினைவுக்கும் என்ன ஆகும் என்று பார்ப்பார்கள். பாடகரோ வாத்தியக் கலைஞரோ என்றால் இசைத் திறனுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை நீங்களே எழுப்புங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

அங்கே போகும்போது அந்த ஒரு பக்கச் சுருக்கம் போதாது. நோட்டை முதல் பக்கத்திலிருந்து, தப்பாக எழுதி அடித்த வரிகளோடு, முழுதாக எடுத்துப் போங்கள்.